கணக்கு டீச்சராக: பி.எட். போதுமா, எம்.எஸ்சி.யும் வேண்டுமா?

சென்னை வியாசர்பாடியில் இருக்கிறேன். பி.எஸ்சி. கணிதம், கடைசி வருடம். மாலையில் மொட்டைமாடியில் ஒன்பது பிள்ளைகளுக்கு டியூஷன். போன வாரம் பின்னம் பிடிபடாத ஒரு பையன், கடலை மிட்டாயை எட்டாக உடைத்து, மூன்றை என் கையில் வைத்து, "எட்டுல மூணாக்கா?" என்றான். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், பள்ளிக்கூடம்தான். வீட்டில் அப்பா ஒருவர் சம்பளம்தான். அடுத்து என்ன படிக்கலாம்?

பதில் 1: முதலில் பி.எட்., 2 வருடம். அதில் 16 வாரம் பள்ளியிலேயே பயிற்சி. அப்புறம் டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு) இரண்டாம் தாள். பத்தாம் வகுப்பு வரை எடுக்க இந்தப் பாதை போதும். பிளஸ் ஒன், பிளஸ் டூவுக்குத்தான் முதுகலையும் பி.எட்.டும் வேண்டும்.

பதில் 2: சைதாப்பேட்டை அரசு பி.எட். கல்லூரிக்குக் கட்டாயம் விண்ணப்பம் போடும்மா, கட்டணம் குறைவு. ஜீவா ஸ்டேஷனில் ஏறி சென்ட்ரலில் இறங்கு, எதிரே பார்க் ஸ்டேஷனில் தாம்பரம் வண்டி. எம்.எஸ்சி.யை வேலைக்குப் போய்க்கொண்டே அஞ்சல் வழியில் முடிக்கலாம்.

ரொம்ப நன்றி அக்கா. விண்ணப்பம் எப்போது வரும் என்று நாளைக்கே நேரில் போய்க் கேட்கிறேன்.