பெட்டர் சோல்பெர்க்: ராலிக்காரரா, ராலிகிராஸ்காரரா?

கெடிலக்கரை (கடலூர்):
நைட் ஷிப்ட் முடிந்து வந்தால் பழைய ராலி வீடியோக்களில் விழுந்துவிடுவேன். இந்த வாரம் நார்வேக்காரர் பெட்டர் சோல்பெர்க். 2003-இல் ஜப்பான் கார் கம்பெனி சுபாருவின் டீமில் உலக ராலி சாம்பியன், அப்புறம் 2014, 2015 இரண்டு வருடமும் ராலிகிராஸ் உலக சாம்பியன். இரண்டு வகையிலும் உலகப் பட்டம் வாங்கிய முதல் ஆள் என்று கொண்டாடுகிறார்கள். என் சந்தேகம், இரண்டுமே மண்ணில் கார் ஓட்டுவதுதானே? ஒன்று தெரிந்தால் இன்னொன்று தானாக வராதா?

செம்மண்ரோடு (புதுச்சேரி):
வராது நண்பா. மழை பெய்த மறுநாள் ஆரோவில் செம்மண் ரோட்டில் பைக்கில் தனியாகப் போனால் அது ராலி, அதே ரோட்டில் நாலு பேர் ஹேண்டில்பாரை இடித்துக்கொண்டு கூடவே வந்தால் ராலிகிராஸ். ராலியில் எதிராளி கடிகாரம்தான். பக்கத்து சீட்டில் குறிப்பு வாசிக்க ஆள் உண்டு, சோல்பெர்க்குக்கு பில் மில்ஸ் என்ற வேல்ஸ்காரர், அவர் சொல்லும் வளைவு கண்ணில் படுவதற்கு முன்பே காரைத் தயார் பண்ணியாக வேண்டும், இப்படியே மூன்று நாள். ராலிகிராஸில் காருக்குள் ஒற்றை ஆள், பாதி தார் பாதி மண், கிட்டத்தட்ட 600 குதிரைசக்தி, பைனலே ஆறு சுற்றில் முடிந்துவிடும். முதல் வளைவில் மாட்டினால் கதை கந்தல். இதில் ஜோக்கர் லேப் என்று ஒரு கிளைப்பாதை வேறு, ஒரு தடவை அதில் போயே ஆகணும், எந்தச் சுற்றில் போவது என்பதில்தான் பாதி ஆட்டம். ஆனால் சோல்பெர்க் இதற்குப் புதுசு இல்லை, ராலிக்கு வருவதற்கு முன்பே நார்வேயில் ராலிகிராஸ் ஓட்டியவர்.

ஓல்டுடவுன் மெக்கானிக் (கடலூர்):
2003-ஐ ரொம்ப ஊத வேண்டாம் தம்பி. சோல்பெர்க்குக்கு 72, இரண்டாவது வந்த பிரான்ஸ்காரர் செபாஸ்டியன் லோப்புக்கு 71, ஒரே பாயிண்ட் வித்தியாசம். வேல்ஸில் நடந்த கடைசி ராலியில், கார் கம்பெனிகளுக்கான பட்டம் கைநழுவக் கூடாது என்று லோப்பின் டீமான சிட்ரோயன் அவரை அடக்கி வாசிக்கச் சொன்னது, அவரும் வாசித்தார். அடுத்த வருடத்திலிருந்து தொடர்ந்து ஒன்பது பட்டம் யாருக்கு? லோப்புக்கு. சோல்பெர்க் மொத்தமே 13 ராலிதான் ஜெயித்தார்.

செம்மண்ரோடு:
லோப் பெரிய ஆள்தான் அண்ணே, யார் இல்லை என்றது? ஆனால் அந்த வேல்ஸ் ராலியை ஜெயித்தது சோல்பெர்க்தானே, லோப் அடக்கி வாசித்தால் இவர் சும்மா வந்து கோப்பையைத் தூக்கினாரா? எனக்குப் பிடித்தது அதற்கப்புறம் நடந்ததுதான். 2008 கடைசியில் சுபாரு ராலிக் கடையை மூடிக்கொண்டு போனது, மனுஷன் அடுத்த வருடமே சொந்த டீம் வைத்து, அதே சிட்ரோயனின் பழைய சாரா காரில் வந்து நின்றார். ராலிகிராஸ் பட்டம் இரண்டுமே சொந்த டீமில் வாங்கியவை. 2019-இல் விடைபெற அதே வேல்ஸுக்கு, அதே பில் மில்ஸோடு போய், டபிள்யூஆர்சி 2 என்ற உலக ராலியின் இரண்டாம் நிலைப் பிரிவையும் ஜெயித்துவிட்டுத்தான் இறங்கினார்.

ஓல்டுடவுன் மெக்கானிக்:
சொந்த டீம் விஷயம் சரி, அதற்கு ஒரு சல்யூட். அவர் பையன் ஆலிவர் 2025-இல் டொயோட்டாவில் எஸ்டோனியா ராலியை ஜெயித்தானே, அதைப் பார்த்தீர்களா?

கெடிலக்கரை:
இல்லை அண்ணே. இன்றைக்கும் தூக்கம் போச்சு.