"முடுக்கம்" போதவில்லை: வன்குறியாக்கம், வன்குறிவிலக்கம்

குழுவினருக்கு வணக்கம்.

காணொளித் தொகுப்பு மென்பொருள்களின் பிழைச் செய்திகளில் "வன்பொருள் முடுக்கம் தோல்வி" என்றே எழுதிவருகிறோம். ஆனால் சிபியுவுக்குப் பதில் கிராஃபிக்ஸ் கார்டு வேலை செய்யும் இந்த முடுக்கத்துக்குள் இரண்டு தனி வேலைகள் இருக்கின்றன. கேமராக் கோப்பை விரித்துச் சட்டகங்களாக்குவது ஒன்று. தொகுத்த சட்டகங்களைச் சுருக்கிக் கோப்பாக்குவது மற்றொன்று. முதலாவதை வன்குறிவிலக்கம் என்றும் அடுத்ததை வன்குறியாக்கம் என்றும் பிரிக்கலாம் என்பது என் பரிந்துரை. சிபியு செய்தால் மென்குறிவிலக்கம், மென்குறியாக்கம்.

லினக்ஸில் கார்டின் காணொளித் திறன்களைப் பட்டியலிடும் விஏஇன்ஃபோ கட்டளையின் வெளியீடே இப்படித்தான் பிரிக்கிறது. எச்.264 என்ற காணொளிச் சுருக்க முறையின் வரி விஎல்டி என்று முடிந்தால் குறிவிலக்கம். என்க்ஸ்லைஸ் அல்லது என்க்ஸ்லைஸ்எல்பி என்று முடிந்தால் குறியாக்கம். விஎல்டி மட்டும் இருக்கும் கணினியில் முன்னோட்டம் சீராக ஓடும், ஏற்றுமதி தொடங்கிய உடனே நின்றுவிடும். எச்.264 வரியே இல்லையென்றால் டிரைவரைப் பாருங்கள்: 2022-இல் வந்த ஃபெடோரா 37 என்ற லினக்ஸ் வெளியீடு முதல் அதன் மெசா என்ற டிரைவர் பொதியில் எச்.264, அதற்கு அடுத்த தலைமுறையான எச்.265 இரண்டும் காப்புரிமை காரணமாக நீக்கப்பட்டுள்ளன. ஆர்பிஎம் ஃப்யூஷன் என்ற வெளிக் களஞ்சியத்தின் ஃப்ரீவேர்ல்ட் பொதிக்கு மாறினால் சரியாகும். இரண்டு கார்டுள்ள மடிக்கணினியில் ரெண்டர்டி128 என்ற சாதனப் பெயர் தவறான கார்டைக் காட்டக்கூடும். ரெண்டர்டி129 கொடுத்துப் பாருங்கள்.

என்விடியா கார்டுகளின் குறியாக்கியான என்வென்க்கில் எச்.264 காணொளியின் அகலம் 4096 பிக்சலைத் தாண்டினால் குறியாக்கி திறக்காது. 5760 அகலத் திட்டத்துக்கு எச்.265 தேர்ந்தெடுக்க வேண்டும்.

இதற்கு நேர் எதிரானது 10 பிட் 4:2:2 எச்.264 கோப்பு, அதாவது வழக்கத்தைவிடக் கூடுதல் நிறத் தகவலுள்ள கேமராக் கோப்பு. என்விடியாவின் 50 வரிசைக்கு முந்தைய கார்டுகளால் அதை விரிக்க முடியாது. முன்னோட்டம் திக்கும், ஏற்றுமதியோ முடிந்துவிடும். இதற்குப் பதிலிக் கோப்பு, அதாவது தொகுக்கும்போது மட்டும் பயன்படும் இலகுவான நகல், உருவாக்குவதுதான் வழி. ஏற்றுமதி அமைப்பை எவ்வளவு மாற்றினாலும் பயனில்லை.

---

> வன்குறியாக்கம்

வணக்கம். பிரிக்க வேண்டும் என்பதில் முழு உடன்பாடு. வடிவத்தில் மட்டும் ஒரு சிக்கல். கடவுச்சொல் பாதுகாப்புக்கும் பலர் குறியாக்கம் என்றே எழுதுகிறார்கள். அதன்முன் "வன்" சேர்ந்தால் உடைக்க முடியாத மறைகுறியாக்கம் என்று படிப்பவர் எண்ணக்கூடும். தனித்து வரும் இடங்களில் "வன்பொருள்" என்று விரித்தே எழுதுவோம். சுருங்கிய வடிவம் மென்குறியாக்கத்தோடு இணையாக வரும் பட்டியல்களுக்குப் போதும்.

செய்திகள் இப்படி அமையலாம்:

"வன்பொருள் காணொளிக் குறியாக்கி திறக்கவில்லை. மென்குறியாக்கத்துக்கு மாறவா?"

"இக்கோப்பின் வடிவத்தை வன்பொருள் விரிக்காது. பதிலிக் கோப்பு உருவாக்கவா?"

இன்னொன்று. நிறத்திருத்தம், மங்கலாக்கம் போன்ற விளைவுகளில் பெரும்பாலானவற்றை கேடென்லைவ் என்ற தொகுப்பு மென்பொருள் சிபியுவில்தான் கணிக்கிறது. அங்கே நேரம் போனால் வன்குறியாக்கி வேலைக்காகக் காத்திருக்கும். அதைத் தோல்வி என்று சொல்லக்கூடாது. "விளைவுக் கணிப்பு" என்று கலைச்சொல் பட்டியலில் மூன்றாவது பதிவாகச் சேருங்கள்.