விழுப்புரத்தில் இன்ஜின் மாறுவதைப் பார்த்தவர்கள் உண்டா?

எழும்பூர் ஜன்னலோரம்:
1993. ராத்திரி வண்டியில் திருச்சிக்குப் போகிறோம். மீட்டர்கேஜில் (ஒரு மீட்டர் அகலப் பாதை) விழுப்புரம் வரைதான் கரண்ட் கம்பி, அதற்கு மேல் டீசல். இங்கே எல்லோருக்கும் தெரிந்ததுதான். வண்டி நின்றதும் அப்பாவை இழுத்துக்கொண்டு முன்னால் ஓடினேன். ஒய்ஏஎம்-1 என்ற எலக்ட்ரிக் இன்ஜின் கழன்று, தனியாக நகர்ந்து பக்கத்து லைனில் போய் நின்றது. கூரையிலிருந்து கம்பியைத் தொடும் பாண்டோ மடங்கி இறங்கியது. உள்ளே இரைந்துகொண்டிருந்த ப்ளோயர் (இன்ஜினைக் குளிர்விக்கும் ஃபேன்) சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து அடங்க, தவளைகள் கத்துவது கேட்டது. டிரைவர் கைப்பிடியைத் துடைத்துக்கொண்டே, “ஏறிப் பாக்கிறியா தம்பி?” என்றார். நான் அப்பா பின்னால் ஒளிந்துகொண்டேன். அதற்குள் டீசல் வந்து மாட்டிவிட்டது. ஏன் ஏறவில்லை என்று இன்றைக்கும் மனசு கேட்கிறது.

தாம்பரம் சீசன் டிக்கெட்:
எனக்கும் அந்த மாதிரி ஒரு ராத்திரி வண்டிதான். தாம்பரம் தாண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே விளக்கு, ஃபேன் எல்லாம் நின்று ஒரே இருட்டு. எதிரே இருந்த பாட்டி சட்டென்று என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். கம்பியில் கரண்ட் இல்லாத நியூட்ரல் செக்‌ஷன் அது.

பழைய லைன்மேன் மகன்:
இல்லை சார். நியூட்ரல் செக்‌ஷனில் விளக்கு போவது லோக்கல் எலக்ட்ரிக் டிரெயினில். அதற்குக் கம்பியிலிருந்துதான் கரண்ட். எக்ஸ்பிரஸ் பெட்டிக்கு அடியில் டைனமோ இருக்கும். அச்சு சுற்றும்போது பெல்ட் அதைச் சுற்றும், மிச்சம் பேட்டரியில் ஏறும். வண்டி ஸ்டேஷனில் நிற்கும்போது பல்பு மஞ்சளாக மங்குமே, பேட்டரி சோர்ந்து போயிருந்தால் அப்படித்தான். கம்பியில் 25,000 வோல்ட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் உங்கள் பெட்டிக்குத் தெரியாது. பெல்ட் அறுந்து பேட்டரியும் காலியாகியிருக்கும். நான் அந்த ஒய்ஏஎம்-1 இன்ஜினை ஒரே ஒரு முறை, தாம்பரத்தில், மழையில் பார்த்தேன். அவ்வளவுதான் என் கதை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். ஜப்பானிலிருந்து வந்தவை மொத்தமே 20. வீட்டில் பழைய ஃபோட்டோ இருந்தால் உடனே ஸ்கேன் செய்யுங்கள். பக்கவாட்டில் 219 என்று தொடங்கும் ஐந்து இலக்க எண் இருக்கும். அதையும், எந்த ஸ்டேஷன், எந்த வருஷம் என்பதையும் பின்னால் பென்சிலில் எழுதுங்கள். பேனா வேண்டாம், மை ஊறிவிடும். ஆல்பத்தில் ஒட்டியிருந்தால் பிய்க்காதீர்கள், அப்படியே படம் எடுங்கள். 2004-இல் சென்னை கடற்கரை–தாம்பரம் மீட்டர்கேஜும் நின்றுவிட்டது, அது ஓடுவதை இனி புதிதாக யாரும் படம் எடுக்க முடியாது.

தாம்பரம் சீசன் டிக்கெட்:
பெல்ட்டாகவே இருக்கட்டும் சார். செங்கல்பட்டில் இறங்கும்போதுதான் பாட்டி கையை விட்டார்.