ஏசினால்தான் வேலை நடக்குமா? உப்புவெளியிலிருந்து ஒரு கேள்வி

கச்சான்காற்று
திருகோணமலை உப்புவெளியில் ஒரு நடுத்தர ஹோட்டலில் ஹவுஸ்கீப்பிங் சுப்பவைசராக இருக்கிறேன். எனக்குக் கீழே ஒன்பது பொடியள். இப்போது சீசன். காலை 11 மணிக்கு ஆட்கள் அறையை விட்டால், பகல் 2 மணிக்கு அடுத்தவர்கள் பெட்டியோடு வாசலில் நிற்பார்கள். அதற்குள் 22 அறை. போன கிழமை ஒரு வெள்ளைக்காரர் கட்டிலில் கடல்மணல் கிடக்கிறது என்று படம் எடுத்துக் காட்டினார். மனேஜர் அதை வட்ஸ்அப் குழுவில் போட்டு, ஒரு பொடியனின் பெயரைச் சொல்லிக் கண்டபடி ஏசினார். அடுத்த நாள் அவன் வரவில்லை. அதற்கு மறுநாள் இன்னும் இரண்டு பேர் இல்லை. ஏச்சால் ஆள்தான் குறைகிறது, மணல் குறையவில்லை. தட்டிக்கொடுத்து வேலை வாங்குவதுதான் தலைமை என்பது என் கருத்து. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

சீனன்குடா_மூத்தவர்
தம்பி, நான் சீனன்குடாப் பக்கம் ஆலையில் 26 வருடம் ஷிப்ட் பார்த்தவன். ஓடுகிற பெல்டுக்குள் கைவிடப் போகிறவனைத் தட்டிக்கொடுக்க முடியாது. அந்த இடத்திலேயே கத்த வேண்டும். பிறகு கூப்பிட்டுப் பக்குவமாகக் கதைப்போம் என்று இருந்தால் அவனுக்கு விரல் இருக்காது. என்னிடம் ஏச்சு வாங்கியவர்கள் இன்றைக்கும் கடைத்தெருவில் கண்டால் நின்று கதைத்துவிட்டுத்தான் போகிறார்கள். இந்தக் காலத்துப் பொடியளுக்கு ரோசம் கூடிப்போச்சு, அவ்வளவுதான்.

கணக்குப்பிள்ளை
ரோசமும் இல்லை, பாராட்டும் இல்லை. காசு. பில்லில் 10 வீதம் சேர்விஸ் சார்ஜ் விழுகிறது. அதை ஆளாளுக்குப் புள்ளி போட்டுப் பிரிக்கிறார்கள். சீசனில் பல இடங்களில் அடிப்படைச் சம்பளத்தைவிட அது கூட. வாடைக்காற்று தொடங்கி மழை பிடித்தால் அறை காலி, அதுவும் காலி. 2022 நெருக்கடிக்குப் பிறகு கை பழகிய பொடியள் டுபாய், மாலைதீவு என்று வெளிக்கிட்டது மனேஜரின் வாய்க்குப் பயந்தா? டிசம்பரில் அடுப்பு எரிய வழி சொல்லுங்கள், பிறகு தலைமையைப் பற்றிக் கதைப்போம்.

நிலாவெளி_டீச்சர்
கணக்குப்பிள்ளை சொல்வது பாதிதான் சரி. ஹெர்ஸ்பெர்க் என்ற அமெரிக்க உளவியலாளர் பிற்ஸ்பர்க் பக்கம் சுமார் 200 பொறியியலாளர்களிடமும் கணக்காளர்களிடமும் விசாரித்து, 1959இல் முடிவை எழுதினார். சம்பளம் குறைந்தால் மனிதருக்கு வெறுப்பு வரும். ஆனால் கூடினால் மட்டும் வேலையில் பிடிப்பு வந்துவிடாது. செய்து முடித்தேன் என்ற நிறைவும், அதை நாலு பேர் மதிப்பதும், பொறுப்பும்தான் பிடிப்பைத் தருகின்றன என்கிறார்.

கணக்குப்பிள்ளை
டீச்சர், நீங்களே சொல்லிவிட்டீர்கள், பொறியியலாளரும் கணக்காளரும் என்று. மாதம் முடியக் கடைக்கொப்பியில் கடன் வைத்திருக்கிறவனிடம் அவர் கேட்கவில்லை. இன்னொன்று: வேலையில் எப்போது சந்தோஷமாக இருந்தீர்கள், எப்போது வெறுத்தீர்கள் என்று ஆட்களையே சொல்லச் சொன்னால் என்ன சொல்வார்கள்? நல்லது நடந்தால் என் திறமை, கெட்டது நடந்தால் மேலே இருக்கிறவன். இந்தக் குறையை அந்தத் துறைக்காரர்களே அப்போதே எடுத்துக்காட்டியிருக்கிறார்கள்.

நிலாவெளி_டீச்சர்
அது நியாயமான கேள்விதான். ஆனாலும் சம்பளம் தேவையில்லை என்று அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

சாம்பல்தீவு_அக்கா
நான் ஒரு ஹோட்டல் லோண்டரியில் ஆறு பெண்களுக்குப் பொறுப்பாக இருந்தவள். ஒரு சீசனில் துவாய் காணாமல் போய்க்கொண்டே இருந்தது. மேலிடம் எல்லோருடைய சம்பளத்திலும் வெட்டியது. யாரும் யாரோடும் முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. ஒருநாள் பழைய கலண்டர் தாளின் பின்பக்கத்தில் கோடு போட்டு, எந்த அறைக்கு எத்தனை துவாய் போனது, எத்தனை திரும்பியது, வாங்கியது யார் என்று எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டினேன். முதல் வரியில் என் கையெழுத்து. நாலாம் நாள் பார்த்தால், துவாயில் பாதி நீச்சல் தடாகத்தடியில் கதிரைகளுக்குக் கீழே கிடந்து, தோட்டக்காரரின் கொட்டிலுக்குள் போய்ச் சேர்ந்திருந்தது. ஒருத்தியும் எடுக்கவில்லை. வெட்டிய காசைத் திருப்பி வாங்க இரண்டு மாதம் நடந்தேன். அதற்குப் பிறகு அந்தப் பெண்களிடம் நான் வேலை சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கச்சான்காற்று, உங்களிடம் ஒன்று கேட்கிறேன், கோபிக்க வேண்டாம். அந்த அறை அன்றைக்கு யாருடையது? யாருக்கு எந்த அறை என்று பிரித்துப் போட்ட தாளைப் பார்த்தீர்களா?

சீனன்குடா_மூத்தவர்
நல்ல கேள்வி பிள்ளை. நானும் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். நான் கத்தியது அவன் முகத்துக்கு நேரே, அவன் செய்ததைக் கண்ணால் கண்ட பிறகு. போனில் படம் போட்டு நாற்பது பேருக்கு முன்னால் ஏசுவது வேறு சாதி.

கச்சான்காற்று
அக்கா, நேற்றிரவு உங்கள் பதிவைப் படித்துவிட்டுப் பொடியனின் வீட்டுக்கே போனேன். தாய் பிளேன்ரீ தந்தார். அவன் வாங்கில் இருந்தபடி நிலத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: “ஏச்சு பரவாயில்லை அண்ணை. அது என்ர அறை இல்லை.”

இன்று காலை தாளை எடுத்துப் பார்த்தேன். அச்சடித்த தாளில் அந்த அறைக்கு நேரே அவன் பெயர்தான். ஆனால் அன்று ஒருவர் லீவு என்றதால் 11.30க்கு நான்தான் வாயால் மாற்றிவிட்டேன். அந்த அறையைப் புதுப் பொடியன் ஒருவனுக்குக் கொடுத்தேன். தாளில் திருத்தவில்லை. மனேஜர் பெயர் சொல்லி ஏசியபோது நானும் அந்தக் குழுவில் இருந்தேன். நீலக் கோடு விழுந்தது, வாய் திறக்கவில்லை.

சாம்பல்தீவு_அக்கா
இப்போது குழுவில் எழுதிவிட்டீர்களா?

கச்சான்காற்று
மனேஜரிடம் நேரில் சொல்லிவிட்டேன். “சரி, விடும், முடிந்த கதைதானே” என்கிறார். குழுவில் இன்னும் எழுதவில்லை.

கணக்குப்பிள்ளை
எழுதும் தம்பி. அப்படியே மூன்று பேருடைய புள்ளியும் வராத நாட்களுக்கு வெட்டுப்படுமா என்று கேட்டுச் சொல்லும்.