ஞாபகசக்தி போகாமல் இருக்க சாப்பாட்டில் எதை மாற்ற வேண்டும்?

தூக்கம்வராதவன்:
எனக்கு 58 வயது. அம்மாவுக்கு எழுபதைத் தாண்டியதும் டிமென்ஷியா வந்தது, கடைசியில் என்னையே யாரென்று கேட்டார். அந்தப் பயம் எனக்கு இருக்கிறது. வீடியோக்களைப் பார்த்தால் ஒருவர் தினமும் வால்நட் சாப்பிடு என்கிறார், இன்னொருவர் மாவுச்சத்தை அடியோடு நிறுத்து என்கிறார், மூன்றாமவர் பத்து நிமிடம் பேசிவிட்டு ஒரு மாத்திரையை விற்கிறார். இதில் எதற்கு உண்மையான ஆதாரம் இருக்கிறது? இந்த வயதில் ஆரம்பித்தால் பலன் உண்டா? சர்க்கரைக்குப் பல வருடமாக மெட்ஃபார்மின் எடுக்கிறேன், வேறு தொந்தரவு இல்லை.

பக்கம்புரட்டி:
மாத்திரைக்காரரை முதலில் விடுங்கள். ஜிங்கோ என்ற மரத்தின் இலைச் சாறு பற்றி எவ்வளவு விளம்பரம்! 75 வயதும் அதற்கு மேலும் ஆன 3,069 பேரை வைத்து அமெரிக்காவில் ஒரு பெரிய சோதனை நடந்தது, 2008ல் முடிவு வந்தது, டிமென்ஷியா குறையவில்லை. ஞாபகமறதியைத் தடுக்க பி வைட்டமின், வைட்டமின் ஈ, ஒமேகா மாத்திரைகளைப் பரிந்துரைக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமும் 2019ல் சொல்லிவிட்டது.

சாப்பாட்டு முறை என்றால் அதிகம் பேசப்படுவது மைண்ட் டயட். சிகாகோவின் ரஷ் பல்கலைக்கழகத்தில் மார்த்தா கிளேர் மோரிஸ் குழு உருவாக்கியது. வாரத்தில் ஆறு முறையாவது கீரை, தினமும் வேறு ஒரு காய், பருப்பு பயறு வகைகள், முழுத்தானியம், கொட்டைகள், பெர்ரிப் பழங்கள், வாரம் ஒருமுறை மீன், சமையலுக்கு ஆலிவ் எண்ணெய். வெண்ணெய், சீஸ், சிவப்பு இறைச்சி, பொரித்தது, இனிப்பு எல்லாம் குறைவாக. 2015ல் வந்த ஆய்வில் இதை நன்றாகக் கடைப்பிடித்தவர்களுக்கு அல்சைமர் (டிமென்ஷியாவில் அதிகம் காணப்படும் வகை) 53% குறைவு என்றார்கள், அந்த எண்ணைத்தான் எல்லா வீடியோவிலும் கேட்பீர்கள். ஆனால் அது ஆட்களைப் பார்த்துக் குறித்துக்கொண்ட ஆய்வுதான். கீரை சாப்பிடுகிறவர் பெரும்பாலும் நடக்கவும் செய்வார், டாக்டரையும் பார்ப்பார், எது காப்பாற்றியது என்று எப்படிப் பிரிப்பது? 604 பேரை இரண்டு குழுவாக்கி, ஒரு குழுவை மட்டும் இந்த உணவைச் சாப்பிட வைத்து மூன்று வருடம் சோதித்தார்கள், 2023ல் வந்த முடிவில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. இரண்டு குழுவுக்கும் எடை குறைக்க ஆலோசனை கொடுத்திருந்தார்கள், தவிர அல்சைமரின் மாற்றங்கள் மூளையில் பத்து இருபது வருடம் முன்பே தொடங்கிவிடும், மூன்று வருடம் எந்த மூலைக்கு? அதனால் அந்த உணவில் பயனில்லை என்று நான் சொல்ல மாட்டேன், 53% என்று உறுதி கொடுக்கிறவரையும் நம்ப மாட்டேன். 58ல் ஆரம்பிப்பது நல்ல நேரம்தான்.

மருந்துச்சீட்டு:
மேலே சொன்னதெல்லாம் சரி, ஆனால் இவர் கேள்வியிலேயே முக்கியமான விஷயம் இருக்கிறது, யாரும் கவனிக்கவில்லை. மெட்ஃபார்மினை வருடக்கணக்கில் எடுத்தால் பி12 குறையலாம். நெஞ்செரிச்சலுக்கான அமிலக் குறைப்பு மாத்திரையும் நீண்ட நாள் சேர்ந்தால் இன்னும் மோசம். பி12 குறைந்தால் மறதி, குழப்பம், கால் மரத்துப்போவது எல்லாம் வரும், நீண்ட நாள் கவனிக்காமல் விட்டால் நரம்புப் பாதிப்பு முழுதாகத் திரும்பாது. ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், டாக்டரிடம் கேளுங்கள். குறைவு இருந்து பி12 எடுப்பது வேறு, குறைவே இல்லாமல் ஞாபகசக்திக்கு என்று விழுங்குவது வேறு. அப்புறம், ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுக்கிற யாராவது இதைப் படித்தால், திடீரென்று கீரையை ஏற்றிவிடாதீர்கள். அதில் இருக்கும் வைட்டமின் கே அந்த மருந்தின் வேலையைக் குறைத்துவிடும்.

எதிர்க்கட்சி:
எல்லாரும் பெர்ரி, வால்நட் என்றே பேசுகிறீர்கள், உப்பைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. உப்பு கூடினால் ரத்த அழுத்தம் கூடும். மூளைக்கு ரத்தம் கொண்டுபோகிற மெல்லிய குழாய்களை உயர் ரத்த அழுத்தம் வருடக்கணக்காகக் கெடுத்துக்கொண்டே இருக்கும், தெரியவே தெரியாது. 2024ல் லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு டிமென்ஷியாவுக்கு நம்மால் மாற்றக்கூடிய 14 காரணங்களைப் பட்டியல் போட்டது. அதில் உணவு தனியாக இல்லை, ஆனால் ரத்த அழுத்தம், சர்க்கரை, எல்டிஎல் என்கிற கெட்ட கொழுப்பு, உடல் பருமன் நான்கும் இருக்கின்றன. சாப்பாடு மூளையைத் தொடுவது பெரும்பாலும் இந்த வழியாகத்தான். காது கேட்காமல் போவதும் அதே பட்டியலில் உண்டு, மிஷின் வைக்க வெட்கப்பட்டுக்கொண்டு வால்நட் தின்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். பின்லாந்தில் 1,260 பேரிடம் நடந்த சோதனையில் உணவு, உடற்பயிற்சி, மூளைப் பயிற்சி, ரத்த அழுத்தம் போன்றவற்றின் கண்காணிப்பு எல்லாவற்றையும் சேர்த்துச் செய்தபோது பலன் தெரிந்தது. அதில் சாப்பாட்டின் பங்கு மட்டும் எவ்வளவு என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

தூக்கம்வராதவன்:
எல்லாருக்கும் நன்றி. பி12 பற்றி இதுவரை யாரும் என்னிடம் சொன்னதே இல்லை, நாளைக்கே கேட்கிறேன். இரண்டு சந்தேகம். மாவுச்சத்தை அடியோடு நிறுத்துவது? அப்புறம் அப்பாவுக்கு 84, சமீபமாக மெலிந்துகொண்டே வருகிறார், அவருக்கும் இதே சாப்பாட்டைக் கொடுக்கலாமா?

மருந்துச்சீட்டு:
அடியோடு நிறுத்த வேண்டாம், வெள்ளை மாவும் சர்க்கரையும் குறைந்தால் போதும். மெட்ஃபார்மின் மட்டும் என்றால் ஆபத்து குறைவு, இன்சுலின் போடுகிறவர்கள் டாக்டரிடம் சொல்லாமல் மாவுச்சத்தை வெட்டினால் சர்க்கரை கீழே விழுந்துவிடும், அது மூளைக்கே கெடுதல்.

அப்பாவுக்கு எதையும் குறைக்காதீர்கள். அந்த வயதில் காரணமில்லாமல் எடை குறைவதே டாக்டரிடம் காட்ட வேண்டிய விஷயம், சிலருக்கு மறதி தெரிவதற்கு முன்பே எடை குறையத் தொடங்கும். பல், விழுங்குவதில் சிரமம், எடுக்கிற மருந்துகள், மனச்சோர்வு எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். அதுவரை முட்டை, பால், தயிர், பருப்பு என்று அவருக்குப் பிடித்ததை, கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி கொடுங்கள். இனிப்பு கேட்டாலும் கொடுங்கள், சர்க்கரை நோய் இல்லையென்றால்.