புதுப்பிப்பு: ஆஞ்சியோகிராமுக்குப் பிறகு அப்பாவின் சாப்பாடு

ஆஞ்சியோகிராமில் அப்பாவின் இதய ரத்தக்குழாயில் அடைப்பு தெரிந்தது, ஸ்டென்ட் (குழாயைத் திறந்து வைக்கும் சிறிய வலைக்குழல்) வேண்டாம், மாத்திரையும் உணவுக் கட்டுப்பாடும் போதும் என்றார்கள், அவரை எப்படி மாற்றுவது என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

அடைப்பைத் திரையில் தானே பார்த்ததுதான் அவரை அசைத்தது என்று நினைக்கிறேன். வடை, பஜ்ஜியை யாரும் சொல்லாமலே விட்டுவிட்டார். உப்புதான் பெரும்பாடு. உலக சுகாதார நிறுவனம் சொல்வது நாளுக்கு 5 கிராமுக்கும் குறைவு, அதாவது ஒரு டீஸ்பூன்கூட இல்லை. ஊறுகாய், அப்பளம், கருவாடு இருக்கும் வீட்டில் அது எந்த மூலைக்கு? இப்போது அம்மா குழம்பில் உப்பைக் குறைத்து, எலுமிச்சையும் மிளகும் கூட்டுகிறார். முதலில் முகம் சுளித்த அப்பா இப்போது பழகிவிட்டார்.

சோடியம் குறைந்த உப்பு வாங்கச் சிலர் சொல்லியிருந்தீர்கள். அதில் பொட்டாசியம் குளோரைடு இருக்கிறது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் சில ரத்த அழுத்த மாத்திரைகள் எடுப்பவர்களுக்கும் ரத்தத்தில் பொட்டாசியம் ஆபத்தான அளவுக்கு ஏறலாம். அப்பாவுக்கு வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். தயவுசெய்து கேட்காமல் வாங்காதீர்கள்.

அப்புறம், மாத்திரையை ஒரு வேளைகூட விடவில்லை. அடுத்து கொழுப்புப் பரிசோதனை. முடிவு வந்ததும் எழுதுகிறேன்.