சுண்ணாம்பு போட்டும் தக்காளி அடி கருகுது, வேர் சத்து எடுக்கலையா?

தோட்டக்காரி_செராய்:
வணக்கம். நாங்க மலேசியாவுல பாடாங் செராய் தாமான்ல (வீடமைப்புப் பகுதி), வீட்டுப் பின்னாடி தக்காளி மிளகா போட்டிருக்கோம். ஜனவரியிலேர்ந்து கெடா பக்கம் மழை கண்ணுலயே காணோம், கெடைக்கிற தண்ணிய விட்டு விட்டுத்தான் ஊத்துறோம். தக்காளி அடிப்பக்கம் கருத்து அழுகுது. மண்ணுல சுண்ணாம்பு இருக்கு, பாஜாவும் (உரம்) இருக்கு, அப்புறம் ஏன் காய்க்குப் போய்ச் சேரல? இன்னும் கொஞ்சம் போடலாமா?

மண்புழு:
போடாதீங்க க்கா. காஞ்ச மண்ணுல பாஜாவோட உப்பு கூடக்கூட வேர் தண்ணி இழுக்கறதே கஷ்டமாயிடும். அடி கருகறது காய்க்குக் கால்சியம் பத்தாததால. அது தண்ணியோடதான் மேல ஏறும், இலைதான் நெறைய ஆவியாக்கி இழுக்குது, காய் இழுக்கறது கம்மி, அதனால வர்ற கொஞ்சமும் இலைக்கே போயிடும். இலைக்குப் போனது காய்க்குத் திரும்பி வராது.

வேர்ப்பித்து:
அதோட வேரும் தானே வழிய அடைக்குது, எனக்கு ரொம்பப் புடிச்ச விஷயமே இதுதான். மண்ணு காயும்போது அப்சிசிக் அமிலம்னு ஒரு ஹார்மோன் கூடும், உடனே வேருக்குள்ள இருக்கற அகத்தோல் செல்லுங்க மேல சூபரின்னு மெழுகு மாதிரி ஒண்ணு அதிகமா படியும், உள்ள இருக்கற தண்ணி காஞ்ச மண்ணுக்குத் திரும்பிப் போகாம இருக்க அது ஒதவும், ஆனா சத்து உள்ள வர்ற வழியும் குறுகிடும். கால்சியம் முக்கியமா நுழையறது இந்தப் படிவு இன்னும் வராத இளசான நுனி வழியா, வறட்சியில புது நுனியே கம்மியாத்தான் வரும். பொட்டாசியம் கத வேற. வேர்லேர்ந்து அத மேல அனுப்பற ஸ்கோர்னு ஒரு கால்வாய 1998ல அராபிடாப்சிஸ்னு ஆராய்ச்சிக்கு வளக்கற ஒரு சின்னச் செடியில கண்டுபுடிச்சாங்க, அதே ஹார்மோன் அதக் கொறைக்குது, பொட்டாசியம் வேர்லயே தங்கி தண்ணியப் புடிச்சி வைக்க ஒதவுது. 2016ல வந்த ஆராய்ச்சியில இன்னொண்ணும் தெரிஞ்சிது: பொட்டாசியம் கொறஞ்சா சூபரின் கூடுது, இரும்பு, துத்தநாகம் கொறஞ்சா எத்திலீன்னு இன்னொரு ஹார்மோன் வந்து அத எடுத்துடுது. எந்தச் சத்து வேணுமோ அதுக்குத் தக்கன வேர் மாத்திக்குது, எவ்வளவு பெரிய விஷயம் பாருங்க!

மட்டை_அண்ணன்:
செம்பனையிலயும் (எண்ணெய்ப்பனை) அதான் தங்கச்சி, காஞ்ச மாசத்துல யூரியா போட்டா நெறைய அம்மோனியாவா காத்துல போயிடும்னு மழைக்குக் காத்திருப்போம். வெட்டிப் போட்ட மட்டைக்கு அடியில தோண்டிப் பாருங்க, ஈரமா இருக்கும், புது வேர் அங்கதான் மண்டிக் கெடக்கும். நீங்களும் காஞ்ச இலதழைய செடி அடியில கனமா போட்டு மூடுங்க, தண்டுல மட்டும் ஒட்டாம. தண்ணி கொஞ்சமா இருந்தாலும் தெனமும் காலையில ஊத்துங்க, ஒரேடியா காயவிட்டு அப்புறம் நெறைய ஊத்துனா கருகல் கூடும். கருத்த காய் தேறாது, பறிச்சிப் போட்டுட்டு அடுத்து வர்ற காயப் பாருங்க.